என் கையில் அவர் கடிகாரம்

மார்ச் 3, செவ்வாய்

புதிய சலவை இயந்திரம் துவைத்து முடித்ததும் பாடுகிறது. பழையது ஒரு உறுமல், ஒரு குலுக்கல், அதோடு நின்றுவிடும். இது ஒரு முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டுத்தான் ஓய்கிறது.

"உன்னைவிட நல்லாத்தான் பாடுது" என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அது துணியும் துவைக்குது. நீங்க?"

செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

இயந்திரங்கள் வந்து மனிதர்களைச் சோம்பேறியாக்கிவிட்டன என்று எதிர் வீட்டு அக்கா அடிக்கடி சொல்வார். நான் ஒப்புக்கொள்வதே இல்லை. வேலையில் இருந்தபோது என் ஞாயிற்றுக்கிழமைகள் துணிக்கல்லில் கழிந்தன. திங்கட்கிழமை சாக்பீஸ் பிடித்தால் தோல் உரிந்த விரல்கள் எரியும். முதல் சலவை இயந்திரம் வந்த பிறகு ஞாயிறன்று விடைத்தாள் திருத்த முடிந்தது. திங்களன்றே தாள் கைக்கு வந்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், இயந்திரம் யாருக்கு நல்லது செய்தது என்று சொல்வார்கள். (மார்க் குறைந்தவர்களைக் கேட்க வேண்டாம்.)

மார்ச் 5, வியாழன்

மகள் அனுப்பிய கைக்கடிகாரம் பற்றி எழுதிவைக்க வேண்டும்.

போன வருடம் அவருக்கு நெஞ்சு வலி வந்து, அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்லப்பட்டவரோ வாழ்நாள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். "மனுஷன் கஷ்டப்பட்டுப் படி ஏறக் கூடாதுன்னுதான் நான் இத்தனை வருஷம் உழைச்சேன். கடைசில என்னையே நடக்கச் சொல்றாங்க பாரு."

கடிகாரம் சின்னதாய், கறுப்பாய், சதுரமாய் இருக்கிறது. முகத்தில் ஒரு வட்டம். நடக்க நடக்க அது பச்சையாக நிறைகிறது. நாடித் துடிப்பையும் பார்த்துக்கொள்கிறது. அது பார்ப்பதெல்லாம் வேறு ஊரில் இருக்கும் மகளின் போனுக்குப் போய்விடுகிறது. அதனால் சாயங்காலம் ஆனால் அழைப்பு.

"அப்பா, வட்டம் கால்வாசிதான் வந்திருக்கு. என்னப்பா பண்றீங்க நாள் பூரா?"

"கால்வாசி வந்திருக்கேன்னு சந்தோஷப்படு."

எனக்கு இந்தக் கடிகாரத்தைப் பிடித்திருக்கிறது. அதற்கு முகதாட்சண்யம் இல்லை. எட்டாம் வகுப்பில் வெப்பமானி பாடம் நடத்தும்போது மேசையில் மூன்று டம்ளர் வைப்பேன்: குளிர்ந்த நீர், சாதா நீர், வெந்நீர். ஒரே வெப்பமானி மூன்று பதில் சொல்லும். எந்தப் பதில் சரி என்று கேட்பேன். வகுப்பு முழிக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "மூணும் சரிதான் டீச்சர். அது எதுல இருக்கோ அதைத்தானே சொல்லும்?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். எந்த வருடமானாலும் அந்தக் குரல் பின் வரிசையிலிருந்துதான் வரும். ஏனோ தெரியாது.

மார்ச் 8, ஞாயிறு

வட்டம் கால்வாசி. மகள் அழைத்தாள். அவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மார்ச் 11, புதன்

இன்று ஒரு காரியம் செய்தோம். சரியா தவறா என்று யோசித்துக்கொண்டே எழுதுகிறேன்.

காலையில் அவருக்கு முழங்கால் வலி. நிஜமான வலிதான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார்.

"இன்னிக்கு ஒரு நாள் நீ போட்டுக்கோ. எப்படியும் நடக்கத்தானே போறே."

"ஏமாத்தறதுங்க இது."

"உன் நடை வீணாப் போகுதேன்னு சொல்றேன். யார் கணக்குலயாவது ஏறட்டுமே."

போட்டுக்கொண்டேன். கடை, பிறகு எதிர் வீட்டு அக்காவோடு பூங்காவில் நடை, பிறகு வீட்டு வேலை. மத்தியானத்துக்குள் வட்டம் நிறைந்துவிட்டது. கையில் ஒரு சின்ன அதிர்வு, சின்ன வாணவேடிக்கைப் படம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடம் இந்த வீட்டில் நான் நடந்த நடைக்கு யாரும் வாணவேடிக்கை விட்டதில்லை.

சாயங்காலம் மகள். "அப்பா! சூப்பர்ப்பா! எனக்கு அழுகையே வந்துடுச்சு!"

"மனசு வச்சா முடியாதது இருக்கா?" என்றார் அவர். கண் இமைக்கவில்லை, கன்னம் சிவக்கவில்லை. நான் சமையலறைக்குள் போய்விட்டேன். சிரிப்பை அடக்க இடம் வேண்டும் இல்லையா?

மார்ச் 15, ஞாயிறு

பழைய தலைமையாசிரியை வீடு மாறியிருக்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போனில் வழி சொல்லும் பெண்குரல் அழகாகக் கொண்டுபோய் விட்டது. இரண்டு முறை நான் தப்பான தெருவில் திரும்பினேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை, பெருமூச்சு விடவில்லை, "நான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. புது வழி கண்டுபிடித்துப் பொறுமையாகச் சொன்னாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் இந்தக் குரலை ஒரு பாடமாகவே வைக்கலாம்.

எங்கள் காலத்தில் வழி தெரியாவிட்டால் நாலு பேரிடம் பேசுவோம், அந்தப் பேச்சே போய்விட்டது என்று தலைமையாசிரியை வருத்தப்பட்டார். எனக்கு அந்த நாலு பேரையும் நினைவிருக்கிறது. நாலு பேரும் நாலு திசை காட்டினார்கள்.

மார்ச் 20, வெள்ளி

ஒரு நாள் என்று ஆரம்பித்தது பழக்கமாகிவிட்டது. காலையில் எழுந்ததும் நான் கடிகாரத்தை மாட்டிக்கொள்கிறேன். ராத்திரி கழற்றி மின்னூட்டத்துக்குப் போடுகிறேன். அவருக்கு முழங்கால் எப்போதோ சரியாகிவிட்டது. "நான் பண்ணாத வேலையை நீ பண்றது இந்த வீட்ல என்ன புதுசா?" என்கிறார். உண்மையாயிற்றே.

மனசாட்சி உறுத்தாமல் இல்லை. ஆனால் வீட்டில் சண்டை இல்லை. மகள் குரலில் கவலை இல்லை. அவரும் கொஞ்சம் நடக்கத்தான் செய்கிறார். பால்கனிக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில்.

மார்ச் 25, புதன்

எங்கள் அடுக்குமாடி லிஃப்ட் நின்றுவிட்டது. அவர் விசிறியைப் போட்டுக்கொண்டு, "கதவு சென்சார்ல தூசி. துடைச்சா போதும். எவனும் கேக்க மாட்டான்" என்று உள்ளேயிருந்தே வைத்தியம் சொன்னார்.

காய்கறிப் பையோடு மூன்று மாடி ஏறினேன். கடைசிப் படிக்கட்டில் நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியது ஒரு பக்கம். இன்னொன்று. இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்து, படி இல்லாமல் போனால் உள்ளே திக்கென்று ஒன்று எழும்புமே, அது. ஆனால் நான் காலை வைக்கவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் குடித்தேன், சரியாகிவிட்டது. போன வாரமும் ஒரு தடவை இப்படி வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தபோது.

காபியைக் குறைக்க வேண்டும். லிஃப்டைப் பற்றி மட்டும் எதிர் வீட்டு அக்கா சொல்வது சரி போலிருக்கிறது: படி ஏறுவதே மறந்துவிட்டது.

மார்ச் 29, ஞாயிறு

குடும்பக் குழுவில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் படங்கள் இன்று பதினான்கு. எண்ணினேன். நானும் ஒன்று அனுப்பினேன். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். தூரத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர் காலையில் ரோஜா அனுப்பினால் அவர் எழுந்துவிட்டார் என்று அர்த்தம். ஒரு நாள் ரோஜா வராவிட்டால்தான் அதன் அருமை தெரியும்.

ஏப்ரல் 2, வியாழன்

மத்தியானம் மகள் அழைத்தாள். அவள் அழைக்கிற நேரமே இல்லை அது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, எங்க இருக்கீங்க? உக்காந்திருக்கீங்களா? நெஞ்சு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

"உங்க இதயத் துடிப்பு ஒழுங்கா இல்லைன்னு எனக்கு எச்சரிக்கை வந்திருக்குப்பா. நேத்து ஒரு தடவை வந்தது, ஏதோ தப்புன்னு விட்டுட்டேன். இப்ப மறுபடியும். அம்மா, அப்பா முகம் எப்படி இருக்கு? வேர்க்குதா?"

அப்பாவுக்கு வேர்க்கவில்லை. அப்பா ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். கடிகாரம் துணி மடித்துக்கொண்டிருந்த என் கையில் இருந்தது. அவர் என் கையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நான் லீவு சொல்லிட்டு வரேன். டாக்டர்கிட்ட போறோம். வேண்டாம்னு சொல்லாதீங்க."

அவள் வைத்துவிட்டாள். ஆரஞ்சுச் சுளை அவர் கையிலேயே இருந்தது.

"உனக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டார்.

"எனக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன்." விளக்கினேன், வகுப்பில் விளக்குவது போல. கடிகாரத்துக்குள் அவருடைய வயது, எடை, உயரம், ஸ்டென்ட் விவரம் எல்லாவற்றையும் மகள் பதிந்துவைத்திருக்கிறாள். அது அவருக்கென்று தைத்த சட்டை. அதை நான் மாட்டிக்கொண்டால் தோள் இறங்கித்தானே போகும்? அவர் இதயத்தை எதிர்பார்த்த இடத்தில் என் இதயம் இருந்தால் அது குழம்பாமல் என்ன செய்யும்?

அவருக்கு முகம் தெளிந்தது. "அப்ப எனக்கும் ஒண்ணுமில்ல, உனக்கும் ஒண்ணுமில்ல."

"யாருக்கும் ஒண்ணுமில்ல."

மகளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். "வந்து ஒரு டெஸ்ட் எடுத்து, நல்லா இருக்கேன்னு அவங்களே சொல்லட்டும். அதோட முடிஞ்சுது. எதுக்கு அவ மனசை உடைக்கணும்?" என்றார். சரி என்றேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

கடிகாரம் அவர் கைக்குத் திரும்பியது. அரிக்கிறது என்று புலம்பினாலும் கழற்றவில்லை. இன்று எச்சரிக்கை எதுவும் இல்லை. பார்த்தாயா, உரிய கைக்குப் போனதும் சமர்த்தாகிவிட்டது. நான் சொன்னது சரி.

ஏப்ரல் 6, திங்கள்

மகள் நேற்று வந்தாள். வந்ததும் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

இன்று மருத்துவமனை. முன்பெல்லாம் டாக்டர் அறை வாசலில், "நான்தான் முதல்ல வந்தேன்", "சும்மா ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று ஒரே தள்ளுமுள்ளு. இப்போது சுவரில் எண் ஒளிர்கிறது, அவரவர் அவரவர் எண்ணுக்காகக் காத்திருக்கிறார்கள். பெரிய மனிதர் ஒருவர் கையில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார், சுவரைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். வருடக்கணக்காக நான் ஒழுக்கம் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பலகை ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். அவருக்கு இதய வரைபடம் எடுத்தார். நன்றாக இருந்தது. அதோடு விடவில்லை. வந்து வந்து போகிற கோளாறாக இருந்தால் அந்த நேரம் பார்த்துப் பிடிபடாது என்று சொல்லி, மார்பில் கம்பிகளை ஒட்டி ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டார். ஒரு நாள் முழுக்க அது இருக்க வேண்டும். மகள் அவரை நாற்காலியிலிருந்து எழவே விடவில்லை. தண்ணீர்கூடக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள்.

பொய் வளர்கிறது.

ஏப்ரல் 8, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டாக்டர் முதலில் சிரித்தார். "சார், பெட்டியில ஒரு குறையும் இல்ல. அழகான துடிப்பு." என் கணவர் என் பக்கம் திரும்பி லேசாகப் புருவத்தை உயர்த்தினார். முடிந்தது என்று நான் கைப்பையை எடுத்தேன்.

ஆனால் மகள் தன் போனை மேசைமேல் வைத்தாள். கடிகாரம் அனுப்பிய கோடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். டாக்டரின் சிரிப்பு போய்விட்டது.

"இந்தக் கோடு எனக்குப் பிடிக்கல. பாருங்க, ஒண்ணுக்கொண்ணு இடைவெளி சமமாவே இல்ல. இப்படித் துடிக்கிறப்ப ரத்தம் உள்ளேயே தேங்கிக் கட்டியாகும். அது மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம். அதனால ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை ஆரம்பிச்சிடலாம். நீங்க ஏற்கெனவே போடற மாத்திரையோட இது சேர்ந்தா ரத்தக்கசிவு வர வாய்ப்பிருக்கு, கவனமா இருக்கணும். ஆனா இதைப் பாத்த பிறகு சும்மா விட எனக்குத் தைரியம் இல்ல." மருந்துச் சீட்டை இழுத்துக்கொண்டார். "இது வந்தப்போ என்ன பண்ணிட்டிருந்தீங்க சார்?"

"நடந்துட்டு இருந்தேன்."

"ரெண்டாவது மத்தியானம் வந்திருக்கே. வெயில்லயா நடந்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "இல்ல... துணி மடிச்சிட்டு இருந்தேன்."

மகள் மெதுவாகத் திரும்பினாள். "அப்பா. நீங்க எப்பப்பா துணி மடிச்சீங்க?"

டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார். அந்தப் பேனா ஓடுவதைப் பார்த்தேன். தேவையில்லாத மாத்திரை, ஸ்டென்ட் வைத்த உடம்பு, ரத்தக்கசிவு. வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போல என் கை தானாக மேலே போனது.

"டாக்டர், எழுதாதீங்க. அந்தக் கை அவரோடது இல்ல. என்னோடது."

யாருக்கும் புரியவில்லை. சொன்னேன், எல்லாவற்றையும்: முழங்கால் வலி, கடை, வாணவேடிக்கை, பழக்கம். அவரைக் காப்பாற்றுவதற்காகத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் நிம்மதியாகக்கூட இருந்தது. சீட்டு கிழியும், வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

டாக்டர் பேனாவை மூடினார். எழுந்து மேசையைச் சுற்றி என்னிடம் வந்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் மணிக்கட்டில் விரல் வைத்தார்.

"அப்ப இந்தக் கோடு உங்களோடதாம்மா?"

அப்போதுதான். ஐயோ, அப்போதுதான்! மூன்று டம்ளர். அது எதில் இருக்கிறதோ அதைத்தானே சொல்லும்? சட்டையாம், தோளாம், எங்கிருந்து எடுத்தேன் அந்த உதாரணத்தை? எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேனே. அவர் கைக்குப் போனதும் எச்சரிக்கை நின்றது, அதையே எனக்குச் சாட்சியாக வேறு வைத்துக்கொண்டேன்! என் கையில் இருந்தபோது கத்தியது என்னைப் பார்த்துத்தான் கத்தியிருக்கிறது. நான் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"படி ஏறும்போது ஏதாவது தெரிஞ்சுதா? படபடப்பு, மூச்சு வாங்கறது?"

"லிஃப்ட் வேலை செய்யாததாலன்னு நெனச்சேன்" என்றேன். எவ்வளவு அசட்டுப் பதில்.

அந்தப் பெட்டி இப்போது என் மார்பில் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் சலவை இயந்திரம் பாடியது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் சமையலறை. மகள் காபி கலந்தாள். எனக்கு மட்டும் வெறும் பால்.

"எத்தனை நாளா ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க! நான் ஆஃபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டினேன், எங்கப்பா எப்படி நடக்கறார் பாருன்னு."

"தப்புதான்மா."

"நீயா இப்படி? ஒரு பொய்க்கு என்னை வாசல்ல முட்டி போட வச்சவ நீ."

அதற்கும் தலையாட்டினேன். அவள் கரண்டியைக் கழுவினாள், கழுவின கரண்டியையே மறுபடி கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"அதைவிட... உனக்கு ஒண்ணு வாங்கணும்னு எனக்குத் தோணவே இல்லம்மா. அப்பாவுக்கு மட்டும் வாங்கினேன். உனக்கு ஏதாவது வரும்னு நான் நெனச்சதே இல்ல."

"எனக்கே தோணலையேடி. உனக்கு எப்படித் தோணும்?"

அவள் அழுதாள். நானும்தான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பால் பொங்கினால் ஓடிவந்து அடுப்பை அணைக்கும் இயந்திரத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

பெட்டி சொல்லிவிட்டது. கடிகாரம் சொன்னதையே சொல்கிறது. துடிப்பு ஒழுங்கில்லை. அவருக்கு எழுதவிருந்த அதே மாத்திரை, இப்போது சரியான பெயர் போட்ட சீட்டில். துடிப்பை நிதானப்படுத்த இன்னொன்று.

"இன்னும் கொஞ்ச நாள் தெரியாம விட்டிருந்தா?" என்று மகள் கேட்டாள். "அதை இப்ப யோசிக்க வேண்டாம்" என்றார் டாக்டர். வாசல் வரைக்கும் வந்து, "பேஷன்ட் கையை மாத்திப் போட்டு வந்த கேஸ் எனக்கு இதுதான் முதல் தடவை" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

மகள் ஊருக்குத் திரும்பினாள். கிளம்பும் முன் கடிகாரத்துக்குள் இருந்த விவரங்களையெல்லாம் அழித்துவிட்டு, என் வயது, என் எடை, என் உயரம் பதிந்தாள். எடை கேட்டபோது கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். முறைத்தாள். சரியாகச் சொன்னேன்.

அப்பாவுக்கு வேறு வாங்கி அனுப்புகிறேன் என்றாள். "வேண்டாம். எனக்கு வட்டம் எல்லாம் வேண்டாம்" என்றார். அவள் வற்புறுத்தவில்லை. கோபம் இன்னும் மிச்சமிருக்கிறது போல.

ஏப்ரல் 14, செவ்வாய்

இரண்டு வாரத்துக்குக் கடை, படி, பூங்கா எதுவும் கூடாது என்பது டாக்டர் கட்டளை. சும்மா இருப்பது எவ்வளவு கடினமான வேலை! இதை ஒருவர் இத்தனை நாள் எப்படித் திறமையாகச் செய்தார் என்று வியந்துகொண்டே அவரைப் பார்த்தேன்.

அவர் பையைத் தேடிக்கொண்டிருந்தார். காய்கறிப் பை எங்கே தொங்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"எங்கங்க?"

"கடைக்கு."

"ஃபோன்ல சொன்னா வீட்டுக்கே கொண்டுவந்து தருவாங்களே."

"தெரியும்" என்றார். போய்விட்டார்.

ஏப்ரல் 17, வெள்ளி

நாலாவது நாளாகப் போகிறார். முதல் நாள் முற்றல் வெண்டைக்காய். இரண்டாம் நாள் தக்காளி மேலே கனத்தை வைத்துக் கூழாக்கிக்கொண்டு வந்தார். இன்று எல்லாம் ஒழுங்கு.

பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் திரும்பி அவர் வருவதைப் பார்த்தேன். நேராக வீட்டுக்கு வரவில்லை. பையோடு பூங்காப் பக்கம் போய், வேலியோரமாக ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு வந்தார். கையில் கடிகாரம் இல்லை. போன் மேசைமேல் கிடந்தது. அந்த நடை எந்தக் கணக்கிலும் ஏறப்போவதில்லை.

கதவைத் திறந்தேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "லிஃப்ட்ல கூட்டம். படி ஏறிட்டேன்" என்றார். லிஃப்டில் கூட்டமாம், இந்த நேரத்தில்!

சாப்பிட்ட பிறகு தானாகவே சொன்னார்: "நான்தானே உன்னைப் போட்டுக்கச் சொன்னேன்."

"நீங்க சொல்லலைன்னா எனக்கு இருக்கறதே தெரிஞ்சிருக்காதேங்க. நல்லதுதானே நடந்தது?"

"அதுக்குப் பேரு அதிர்ஷ்டம். நான் பண்ணதுக்குப் பேரு வேற."

எழுந்து போய்த் துணி மடித்தார். நான்கு முனைகளும் நான்கு திசையில் நிற்கின்றன. நான் மறுபடி மடிக்கவில்லை. அப்படியே அலமாரியில் வைத்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மகள் அழைத்தாள். "அம்மா, எப்படி இருக்கே?"

"அதான் உன் ஃபோன்லயே எல்லாம் தெரியுமே."

"தெரியும். இருந்தாலும் நீ சொல்லு."

சொன்னேன். ரொம்ப நேரம் சொன்னேன். இடையில் எதற்கும் அவள் அவசரப்படவில்லை.

எதிர் வீட்டு அக்கா வந்திருந்தார். கதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் அப்பவே சொன்னேன் டீச்சர், இந்த மெஷின்களை நம்பாதீங்கன்னு" என்றார்.

"அக்கா, மெஷின் நிஜத்தைத்தான் சொல்லுச்சு. நாங்க ரெண்டு பேரும்தான் பொய் சொன்னோம்."

அக்கா சற்று யோசித்தார். "அப்ப எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க, என் பையன்கிட்ட."

மே 3, ஞாயிறு

நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெதுவாக, சமதரையில், பேச்சுத் துணையோடு.

காலையில் இருவரும் பூங்காவுக்குப் போனோம். அவர் எனக்கு அரை அடி பின்னால் வந்தார். லிஃப்டைச் சோதனை ஓட்டம் விட்டுக் காதை வைத்துக் கேட்பாரே, அப்படி என் மூச்சைக் கேட்டுக்கொண்டு. "மெதுவா. யாரும் துரத்தல." முன்பு நான் அக்காவோடு நடக்கும் வேகத்துக்கு இது ஆமை. வழியில் புதிதாக ஒரு உடற்பயிற்சி இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அதன் நட்டு ஒன்று தளர்ந்திருப்பதை நின்று பார்த்து, விரலால் முறுக்கிவிட்டுத்தான் வந்தார்.

மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். வட்டம் பாதிதான் பச்சையாகியிருந்தது.

"கொடு, மீதியை நான் சுத்திட்டு வரேன்" என்று கையை நீட்டினார்.

"கையை எடுங்க" என்றேன்.

சிரித்தார். டாக்டரிடம் உண்மை சொன்ன அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். என் மணிக்கட்டில் கடிகாரம் லேசாக அதிர்ந்தது. நடையை முடித்துவிட்டீர்களா என்று எழுத்தில் கேட்டிருந்தது. எப்போதும் இப்படிக் கேட்கும், பொறுமையாகக் காத்திருக்கும்.

கண்ணாடி இல்லாததால் அவர் குனிந்து, என் கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது போல அதனிடமே சொன்னார்:

"இன்னும் முடியல. சும்மா உக்காந்திருக்கோம்."